மல்லிகை இதழுக்கு வெறும் வெள்ளை போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுப்பில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்ணான பாலிமர் களிமண்ணில் மல்லிகைச் சரமும் காதணியும் செய்யப் பழகுவோர் பலர், வெள்ளை நிறப் பொட்டலத்தை மட்டுமே வாங்குகிறார்கள். அதில் செய்த பூ சுண்ணாம்பு பூசியது போலத்தான் இருக்கும். ஒளி ஊடுருவும் டிரான்ஸ்லூசன்ட் வகை 3 பங்கு, வெள்ளை 1 பங்கு சேர்த்துப் பிசைந்தால்தான் இதழுக்கு உயிர் வரும். ஓரத்தை 1 மி.மீ.க்கும் மெல்லிசாக அழுத்த வேண்டும். தடித்தால் மெழுகு போல மங்கும்.

வண்ணம் சேர்க்கும்போது கை தாராளம் கூடாது. கோலிக்குண்டு அளவுக்குக் கடுகளவு போதும், வெந்தபின் நிறம் இன்னும் ஏறும். வெந்த பூவுக்குள் பிறை பிறையாய் வெண்புள்ளி தெரிகிறதா? ஈரக்கையால் பிசைந்ததும், மடிக்கையில் காற்று அடைபட்டதும்தான் பெரும்பாலும் காரணம். கையை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிசையுங்கள். தூசும் இதில் அப்படியே தெரியும்.

பலரும் தவறுவது சூட்டில்தான். களிமண் பிராண்டுகளில் ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், பிரீமோவுக்கு 135. இரண்டுக்கும் 30 நிமிடம். ஓடிஜி எனும் சிறு மின் அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூடினால் பழுப்பேறாது. எடுத்த சூட்டோடு ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடும். கருகவிட்டால் மட்டும் உடனே அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்: இது பிவிசி, கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும்.

– கைவினைப் பயிற்சியாளர்கள், மதுரை