பாறைல எண்ணெய் இருக்கு, விக்கிறது ஆப்ப சோடா

டேய் சுந்தரு,

மெயில் பார்த்தேன்டா, பொண்ணு ஜியாலஜி எடுத்திருக்கான்னதும் செம சந்தோஷம், அப்பன் பட்ட பாட்டைப் பார்த்தும் பயப்படலையே. இங்க டென்வர்ல எல்லாரும் சௌக்கியம், எனக்கு முழங்கால்தான் மக்கர் பண்ணுது.

கொலராடோல இவ்ளோ ஆயில் ஷேல், அதான் சூடாக்கினா எண்ணெய் தர்ற பாறை, இருந்தும் ஏன்டா எடுக்கலன்னு கேட்டிருந்தே. கொலராடோ, யூட்டா, வயோமிங்ல பரவிக் கிடக்கிற கிரீன் ரிவர்ங்கிற இந்தப் பாறை அடுக்குல மொத்தம் 4 டிரில்லியன் பேரலுக்கு மேலன்னு அமெரிக்க அரசோட நில ஆய்வு அமைப்பு யுஎஸ்ஜிஎஸ் கணக்கு, ஆனா அது உள்ள இருக்கிற அளவு, எடுக்க முடியற அளவு இல்ல. சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி இங்க பெரிய பெரிய ஏரிடா, அடில உப்புத்தண்ணி, ஆக்ஸிஜன் கிடையாது, அதனால செத்து விழுந்த பாசி மக்காம அப்படியே படிஞ்சு கெரோஜனா, அதாவது எண்ணெயா மாறாத கெட்டியான கரிமப் பொருளா, ஆயிடுச்சு, ஆனா எண்ணெயா மாற தேவையான சூடு கிடைக்கவே இல்ல. அந்த சூட்டை இப்ப நாம குடுக்கணும், 500 டிகிரி செல்சியஸ் கிட்ட.

அங்கதான் மினரல் வேலையைக் காட்டுது. களிமண்ணை விட டோலமைட், கால்சைட்ங்கிற கார்பனேட் மினரல்தான் ஜாஸ்தி, கூடவே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், எரிமலைச் சாம்பல்லேருந்து வந்த அனல்சைம்ங்கிற மினரல். கெரோஜனை மட்டும் சூடாக்க முடியாதே, மொத்த கல்லையும் சேத்து சூடாக்கணும், சூடு கொஞ்சம் ஓவரா போனா கார்பனேட் உடைஞ்சு நம்ம சூட்டையும் தின்னுட்டு கார்பன் டை ஆக்ஸைடை வெளிய விடும். வர்ற எண்ணெய்லயும் நைட்ரஜன், ஆர்சனிக், ரெண்டும் ரிஃபைனரி கேட்டலிஸ்ட்டை (வினையூக்கியை) கெடுக்கும்.

1982 மே 2ஆம் தேதி எக்ஸான் கம்பெனி இங்க ஆயில் ஷேல் எடுக்கப் போட்ட காலனி ப்ராஜெக்டையே இழுத்து மூடிடுச்சு, 2000 பேருக்கு மேல வேலை போச்சு, அங்க பாராசூட்ங்கிற ஊர் பக்கம் பழைய ஆளுங்க இன்னும் அந்த ஞாயித்துக்கிழமையை மறக்கல. எண்ணெய் விலை விழுந்ததுதான் காரணம்னு சொல்றாங்க, சரிதான், ஆனா விலை விழுந்ததும் தாங்காம போனது இந்தக் கல்லோட குணத்தாலன்னுதான் நான் சொல்வேன்.

இதுல காமெடி என்னன்னா கொலராடோவோட பிசியான்ஸ் பேசின்ல அதே அடுக்குகளுக்குள்ள நாக்கோலைட் இருக்கு, அதாவது நம்ம ஆப்ப சோடாவேதான், சுடுதண்ணிய உள்ள விட்டு கரைச்சு மேல எடுத்து இன்னிக்கும் ஜோரா விக்கிறாங்க. அலுமினியம் உள்ள டாசனைட்ங்கிற மினரலும் இருக்கு, அதுக்கு மட்டும் இன்னும் நேரம் வரல.

நான் அனுப்பின கல் துண்டை எக்ஸ்ஆர்டில, அதான் எக்ஸ்-ரே விட்டு மினரலைக் கண்டுபிடிக்கிற மெஷின்ல, போடப் போறேன்னியே, சார்ட்ல 5.6 ஆங்ஸ்ட்ராம் கிட்ட ஒரு பீக் வந்தா உடனே டாசனைட்னு குதிக்காத, அனல்சைமுக்கும் அங்கதான் வரும், 3.43லயும் பெருசா நிக்குதான்னு பாரு, நின்னா அது அனல்சைம். சார்ட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பு, பொண்ணையே படிக்கச் சொல்லு முதல்ல.

உன்
ரவி