கடைசிப் பாட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள நண்பா,

அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிடார்க்காரருமான மட்டி வாட்டர்ஸின் இசைத்தட்டுத் தொகுப்பு கைக்கு வந்தது பற்றிச் சந்தோஷம். ஸ்லைடு கிடார் (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது) பழக அதில் எந்தப் பாட்டை எடுப்பது என்று கேட்டிருந்தாய். தட்டைத் திருப்பிப் போட்டு, ஆகக் கடைசிப் பாட்டைப் பிடி.

செஸ் நிறுவனம் 1958-இல் போட்ட தொகுப்பு அது. 1948 முதல் 1954 வரை பதிவான பன்னிரண்டு பாட்டுகள், ஆனால் கால வரிசையில் இல்லை. எல்லாவற்றிலும் மூத்ததான ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைடு’ கடைசியில் கிடக்கிறது. மட்டியின் கிடாரும் பிக் கிராஃபர்டின் பேஸும் மட்டும்தான். ஒவ்வொரு இழுப்பும் தெளிவாகக் கேட்கும்.

ஓப்பன் ஜி வைத்துக்கொள், அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ட்யூனிங். ஆறாவது, முதல் கம்பிகளை ஈ-யிலிருந்து டி-க்கும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கும் இறக்கு. மற்ற மூன்றைத் தொடாதே. இறக்கிய கம்பி தொய்யும் என்பதால் 9 செட் (முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்) சரிவராது, ஸ்லைடு ஃப்ரெட்டில், அதாவது கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில், இடித்துக் கடகடக்கும். முதல் கம்பி 12 அல்லது 13 இருக்கட்டும்.

ஸ்லைடு சுண்டுவிரலில். அழுத்தாதே, கம்பியைத் தொட்டால் போதும். விரலால் வாசித்த பழக்கத்தில் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்துவாய், சுருதி இறங்கிவிடும். உலோகப் பட்டைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஸ்லைடுக்குப் பின்னால் மோதிரவிரல் கம்பிமேல் லேசாகப் படுத்திருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் துண்டும் சேர்ந்து முனகும்.

இதெல்லாம் கைவந்த பிறகு மூன்றாவது கம்பிக்குப் போ. 3-ஆம் ஃப்ரெட்டுக்கும் 4-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது ப்ளூஸின் உயிர். சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்தால் தப்பு என்றுதான் காட்டும். அணைத்து வை.

‘ரோலின் ஸ்டோன்’ (1950) ஒற்றைக் கிடார்தான், ஆனால் ஸ்லைடு கிடையாது. சாதாரண ட்யூனிங்குக்குத் திரும்பு. ‘ஸ்டில் எ ஃபூல்’ பாட்டில் இன்னொரு கிடார் நுழையும். வாசிப்பது லிட்டில் வால்ட்டர், மவுத் ஆர்கனில் பேர் வாங்கிய அதே ஆள். ‘ஷி மூவ்ஸ் மி’யில் பெரிய டிரம்மை அடிப்பவர் கம்பெனி முதலாளி லியோனார்ட் செஸ். அந்தத் தட்டையான அடியைக் கேட்டாலே தெரியும்!

1954-இன் ‘ஹூச்சி கூச்சி மேன்’ முழு பேண்டின் பாட்டு. எல்லோரும் அடித்து நிறுத்த, அந்த இடைவெளியில் மட்டியின் குரல். கிடார் பழக அதை எடுக்காதே, எங்கே நிறுத்துவது என்று பழக எடு.

எந்த இடத்தில் கடகடப்பு நிற்கவில்லை என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்