யானைக்காக நின்றவர்களுக்குக் கல்யாண மண்டபமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், பகல் 12 மணிக்கு எங்கள் தெருவில் ஒரு யானையைக் கடை கடையாக நிறுத்திக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில்லாமல் நாம் பத்தடி வைக்க முடியாத தார் ரோட்டில் அது காலை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றது. யானைக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, காதை விசிறித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அன்று அந்தக் காதுகள் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. பாகன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் அது வயிற்றுப் பிழைப்பு.

மறுநாளும் யானை வந்தது. நாங்கள் 9 பேர், பாதிக்கு மேல் பெண்கள், 'யானையின் உரிமைச் சான்றிதழைக் காட்டுங்கள், உச்சி வெயிலில் நடத்தாதீர்கள்' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நின்றோம், கோஷம்கூடப் போடவில்லை. அரை மணி நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. எங்களை ஏற்றிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். யாரும் கை ஓங்கவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதற்காகப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 22வது பிரிவில் இருக்கிறது. ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை 19வது பிரிவில் இருக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம், சரி, பொது வழியைக் காலவரையில்லாமல் மறிக்கக் கூடாது என்று 2020இல் டெல்லி ஷாகின் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அதே ஆண்டு காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், 144 தடை உத்தரவை நியாயமான கருத்தை அடக்கப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தானே? நாங்கள் ஒரு சைக்கிளைக்கூட மறிக்கவில்லை.

யானை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. சான்றிதழ் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது. வளர்ப்பு யானைகளை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று தமிழக அரசே 2011இல் தனி விதிகள் போட்டிருக்கிறது. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது, அந்தக் கடமையைச் செய்யப் போனவர்களைத்தான் வேனில் ஏற்றினார்கள்.

பேரணாம்பட்டுப் பக்கத்து நண்பர் ஒருவர், 'எங்க வாழையை யானை மிதிச்சா நீங்க வருவீங்களா?' என்று கேட்டார். வருவேன். கவுண்டன்யா காட்டிலிருந்து இறங்கும் யானைகளால் பயிரை இழந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு உட்கார்ந்தால், அவர்களுக்கும் இதே 19வது பிரிவுதான்.

நாங்கள் மண்டபத்தில் இருந்த நேரத்தில் யானையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சான்றிதழை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. வனத்துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். அந்த யானை திரும்ப வந்தால் அதே இடத்தில், அதே அட்டையோடு நிற்போம். அப்போதாவது காவல்துறை முதலில் யானையின் சான்றிதழைக் கேட்கட்டும். எங்களைப் பிடிப்பதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.