தோற்ற பிறகுதான் தொடங்கினார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் என்றாலே ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயக்கைதிகளாகப் பிடிபட்டது, 1980 தேர்தல் தோல்வி என்று அங்கேயே நின்றுவிடுகிறோம். அவரைப் பற்றிய உங்கள் கட்டுரையும் அந்த இரண்டோடு நின்றுவிட்டது. சரி, ஆட்சியில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பதவி போனபோது அவருக்கு வயது 56. ஜார்ஜியாவில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த பழைய வீட்டுக்கே திரும்பியவர், 1982இல் மனைவி ரோசலினோடு சேர்ந்து கார்ட்டர் மையம் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த மையம் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது நரம்புச் சிலந்தி (கினிப்புழு) நோய் ஒழிப்புதான். அசுத்தமான குடிநீர் வழியாக உடலுக்குள் போகும் புழு அது. தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது, தோலைப் பிய்த்துக்கொண்டு வரும் புழுவைக் குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி இழுக்க வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி மையத்தினர் ஆப்பிரிக்கக் கிராமங்களில் அலைந்தார்கள். 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023இல் 14 பேருக்கு!

நோபல் பரிசு 2002இல் வந்தது, அது இருக்கட்டும். 2019இல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல். அப்புறமும் கறுத்து வீங்கிய கண்ணோடு நாஷ்வில்லில் ஏழைகளுக்கு வீடு கட்டும் இடத்தில் வந்து நின்றார். இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாமே?

— ஒரு வாசகர்