இராமேஸ்வரத்துக்கு வேன் விடும் அண்ணன்மாருக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கு,

வணக்கம். 'ஒரே நாளில் இராமேஸ்வரம்' என்று நோட்டீஸ் அடித்து மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேன் விடுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போன மே மாதம் நாங்கள் போனது யாருடைய வண்டி என்று சொல்லப் போவதில்லை. டிரைவர் தம்பி நல்ல பையன். தூக்கம் கெட்டு ஓட்டினான், யாரையும் ஒரு வார்த்தை அதட்டவில்லை. கோளாறு அவனிடம் இல்லை, அவன் கையில் கொடுத்து அனுப்பிய தாளில் இருந்தது.

அந்தத் தாளில் பதினான்கு இடம் இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் ஏறினோம், இரவு பதினொன்றரைக்கு அங்கேயே இறங்கினோம். பதினான்கையும் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். காசு கொடுத்த கணக்குக்கு ஒன்றுகூடக் குறையவில்லை.

என் அத்தைக்கு எழுபத்தொரு வயது. மாமா தவறிய பிறகு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தார். அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு ஈரச் சேலையோடு கோயிலுக்குள் போனோம். மே மாதக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஒவ்வொரு கிணற்றிலும் வரிசை, ஒவ்வொரு வாளிக்கும் காத்திருப்பு, வழுக்குகிற கல்தரையில் வயசானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று நேரம் ஓடியது. பதினொன்றாவது கிணற்றில் போன் வந்துவிட்டது. "அக்கா, இன்னும் இருபது நிமிஷத்துல வண்டி எடுக்கணும். எல்லாரும் வந்துட்டாங்க." ஈரத்துணி மாற்றாமல் சன்னதிக்குப் போக முடியாது. மாற்ற இடம் தேடினால் அங்கேயும் வரிசை. அத்தை என் முகத்தைப் பார்த்தார். "பாதி ஆச்சுல்ல, மீதிய அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். கோடி தீர்த்தம்தான் கடைசி, இருபத்திரண்டாவது. அது வரைக்கும் போய்ச் சேரவில்லை. வெளிப் பிரகாரத்துத் தூண்களை ஓட்டமும் நடையுமாகக் கடந்தோம். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் தூண்கள். ஒன்றைக்கூட நின்று பார்க்கவில்லை.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து அசோகத் தூண் வரைக்கும் நடந்து திரும்பவே பாதி போய்விட்டது. உங்கள் கைடு மைக்கில் சொன்னார்: "இடது பக்கம் பெண் கடல், அமைதியா இருக்கும். வலது பக்கம் ஆண் கடல், கொந்தளிக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் வாய் அரித்தது. ஏனென்றால் நான் பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் இருக்கிற மண்டபம் ஊரில் வளர்ந்தவள். பிறந்து படித்தது மதுரைதான், ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் மறுநாள் காலை மீட்டர் கேஜ் ரயிலில் அம்மாச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். ஜூன் முதல் வாரம் வரை அங்கேதான். அந்த லீவுகள்தான் என்னை வளர்த்தன.

மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிடக்கும். ஒரு தெருவில் நடந்தால் வடகடல், திரும்பி நடந்தால் தென்கடல். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்பதெல்லாம் நான் புவியியல் புத்தகத்தில்தான் படித்தேன். எந்தக் கடலில் குளிக்கலாம் என்பதை அம்மாச்சி காலையில் வாசலில் நின்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிடும். "கச்சான் எழும்பிருச்சு, தென்கடப் பக்கம் போகாதீங்க" என்றால் அன்றைக்கு வடகடல். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. மே மாதக் கடைசியில் அது வலுத்துவிட்டால் தென்கடல் அலை அலையாக ஏறும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கியதும் கதை தலைகீழ். அப்போது வடகடல்தான் முரண்டு பிடிக்கும், தென்கடல் படுத்துவிடும். காலத்துக்குத் தக்கபடி படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆக நீங்கள் பெண் கடல் என்கிற இந்த வடகடல் மார்கழியில் என்ன செய்யும் என்று ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அப்புறம் மைக்கைப் பிடியுங்கள் அண்ணே. எந்தக் காலமானாலும் அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், இழுப்பு பொல்லாதது.

அந்த முனைக்கு நான் முதலில் போனது 1991 மே மாதம். 2017-இல் திறந்த தார்ச்சாலை அன்றைக்கு யார் கனவிலும் இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலில் மீன் ஏற்றுகிற வண்டிதான். மாமா எனக்கும் தம்பிக்கும் அதில் இடம் பிடித்தார். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, உட்கார ஈரச் சாக்கு. சில இடத்தில் சக்கரம் கடல் தண்ணீரிலேயே ஓடியது. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்கள், தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாவற்றையும் மாமா காட்டினார். அன்றிரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குப் பக்கத்திலேயே ஆட்களோடு கடலுக்குள் போன கதையை அவர் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பயந்தேனா என்று நினைவில்லை. தாகம் எடுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு குடிசைக்குப் பக்கத்தில் மணலில் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். கடல் பத்துப் பதினைந்து எட்டில் இருந்தது. அந்த வீட்டு அம்மா கொட்டாங்குச்சியால் மொண்டு கொடுத்தார். நல்ல தண்ணீர், துளி உப்பில்லை. தம்பி நம்பாமல் மூன்று தடவை வாங்கிக் குடித்தான். மழைத் தண்ணீர் கனம் குறைந்தது, மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும், பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்று அந்த அம்மாவே விளக்கினார். இன்றைக்கும் அங்கே குடியிருக்கிற குடும்பங்கள் அப்படித்தான் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கின்றன. உங்கள் வேன் அந்த வீடுகளை ஒட்டித்தான் போகிறது. என் மகனுக்கு அதைக் காட்டலாம் என்று நினைத்தேன். டிரைவர் தம்பி ஹாரன் அடித்தான்.

சரி, இனிதான் நான் சொல்ல வந்தது.

ஊருக்கு வந்த மறுநாள் மகனிடம், "எதுடா நல்லா இருந்துச்சு?" என்று கேட்டேன். பத்து வயசு. யோசிக்கவே இல்லை. "பாலத்துல வண்டி நின்னுச்சுல்லம்மா, அது" என்றான். திரும்பும்போது பாம்பன் ரோட்டுப் பாலத்தில் யாரோ செல்ஃபிக்கு வண்டியை நிறுத்த, பின்னால் வந்ததெல்லாம் முடங்கி, முக்கால் மணி நேரம் நாங்கள் நடுப்பாலத்தில் நின்றோம். எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஜன்னலில் மோவாயை வைத்துக்கொண்டு கீழே கட்டிக் கிடந்த படகுகளை எண்ணினான். பக்கத்தில் இரண்டு ரயில் பாலம் ஏன் என்று கேட்டான். பழையது 1914-இல் வந்தது, ஆட்கள் கையால் சுற்றிச் சுற்றித்தான் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும், நானும் உன் மாமாவும் கப்பல் போவதைப் பார்க்கக் கரையில் காத்துக் கிடப்போம் என்று சொன்னேன். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுவிலுள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும் என்று அத்தை பேப்பரில் படித்ததைச் சொன்னார். அந்த நாள் முழுக்க நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பேசியது அப்போது மட்டும்தான். உங்கள் பதினான்கில் அந்த இடம் இல்லை.

அதற்காகப் பாலத்தில் வண்டியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அது தப்பு, ஆபத்தும்கூட. பதினான்கை ஐந்தாகக் குறையுங்கள் என்று கேட்கிறேன். ஒரு இரவு தங்க வையுங்கள், அதற்கு ஆகிற காசை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்த்தமாட நேர்ந்துகொண்டவர்களுக்கு முதல் நாள் காலையை முழுசாக விட்டுவிடுங்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் போகட்டும், அல்லது குந்துகால் போய் 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரையில் உட்காரட்டும். தனுஷ்கோடிக்கு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போனால்தான் உண்டு. மாலையானால் போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். மறுநாள் கடலில் விளையாட மே மாதமானால் வடகரையில் அரியமான் கடற்கரை போதும். வாடைக் காலமானால் உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வழியில் தேவிபட்டினத்தையும் திருப்புல்லாணியையும் சேர்த்தே தீர வேண்டும் என்று யாரும் அழப்போவதில்லை. அவை அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். காரங்காட்டு அலையாத்திக் காட்டையும் அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மே மாத நோட்டீஸில் 'சுடச்சுடப் புது மீன் சாப்பாடு' என்று போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இனம் பெருக விடுகிற தடைக்காலம். நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம்தான், விலையும் ஏறித்தான் இருக்கும். எங்களுக்கு அன்று போட்ட மீன் புதுசு இல்லை என்று அத்தை வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதே இரண்டு மாதம்தான் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலை பொத்துவார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல காட்சி எது? போகும்போது முறையாகக் கேட்டுவிட்டுப் போங்கள், ஓரமாக உட்காருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள்.

அத்தைக்கு இன்னும் பதினொரு கிணறு பாக்கி இருக்கிறது. தை மாதம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்களில் யாராவது இரண்டு நாள் வண்டி விட்டால் எங்களுக்கு மூன்று சீட் வேண்டும். அத்தைக்கு முன்வரிசை, ஏறி இறங்க அதுதான் சௌகரியம். பையனுக்கு ஜன்னலோரம். போகும்போது இடது பக்கம் கொடுங்கள், ரயில் பாலம் அந்தப் பக்கம்தான் தெரியும்.

இப்படிக்கு,
மண்டபத்தில் லீவு கழித்த ஒரு மதுரைக்காரி