குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த தொண்ணூறுகளின் ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் குதிரைத்திறனை மட்டும் வைத்து வரிசை போட்டு, மஸ்டா எம்எக்ஸ்-5-ஐக் கடைசியில் தள்ளி, அழகு உண்டு வேகம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த வண்டியையும், உங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் டொயோட்டா எம்ஆர்2-வையும் இங்கிலாந்தில் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவன் நான். சும்மா விட மனசு வரவில்லை.

முதலில் அந்த எண்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஹோண்டா என்எஸ்எக்ஸ், மிட்சுபிஷி ஜிடிஓ மூன்றுக்கும் நேராக 280 என்று போட்டிருக்கிறீர்கள். மூன்று கம்பெனி, மூன்று விதமான எஞ்சின், எண் மட்டும் எப்படி ஒன்றாகவே வரும்? ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. உள்நாட்டில் விற்கும் வண்டிக்கு 280-க்கு மேல் காட்டுவதில்லை என்று 2004 வரை அப்படியே ஓட்டினார்கள். 1993-ல் வந்த டொயோட்டா சுப்ராவுக்கு ஜப்பானில் 280, அமெரிக்காவில் விற்றதற்கு 320. இதில் யார் முதலிடம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜிடி-ஆர் 1,400 கிலோவுக்கு மேல், எம்எக்ஸ்-5 சுமார் 950. அந்த உடம்புக்கு 1.6 லிட்டர் எஞ்சினின் நூற்றுப் பதினைந்து சொச்சம் குதிரைத்திறன் தாராளம். கிராமத்துச் சாலையில் மணிக்கு 50 மைல் வேகத்திலேயே கியர் மாற்றி, வளைவு எடுத்து, சந்தோஷமாகப் போகலாம், லைசென்சுக்கும் ஆபத்தில்லை. இங்கிலாந்துக்காரர்களுக்கு இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. அவர்கள் ஊர் லோட்டஸ் கம்பெனியின் அறுபதுகளின் எலான் காரைப் பார்த்து ஏங்கித்தான் மஸ்டா இந்த வண்டியை எடுத்தது, எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும் பின்சக்கர இழுவை, ரெண்டே சீட், மடக்குக் கூரை எல்லாம் அப்படியே. எம்எக்ஸ்-5 வந்த அதே 1989-ல் லோட்டஸ் தானே ஒரு புது எலானைக் கொண்டுவந்தது, அதுவோ முன்சக்கர இழுவை! அது சில ஆயிரத்தோடு நின்றுபோனது, எம்எக்ஸ்-5 பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எம்ஆர்2 வேறு ரகம். என்னிடம் இருப்பது 1991 மாடல், டர்போ இல்லாத 2 லிட்டர். (டர்போவை டொயோட்டா இங்கே விற்கவே இல்லை, ஓடுவதெல்லாம் ஜப்பானிலிருந்து இறக்கியவை.) எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் கனம் பெரும்பாலும் பின்பக்கம். மழையில் ரவுண்டானாவில் போகும்போது பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தீர்களோ, பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரத்தின் பிடி விட்டுப்போய், வால் முன்னால் வரப் பார்க்கும். இது கட்டுக்கதை இல்லை, அந்த வண்டியின் அடுத்த பதிப்பில் டொயோட்டாவே சஸ்பென்ஷனைத் திருத்தி, 14 அங்குலச் சக்கரத்தை 15 ஆக்கியது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான், திருத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா? கட்டுரையில் இது இல்லை. அப்புறம் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் வண்டியின் நீளத்துக்கு ஓடும் குழாய்களில் கொஞ்சம் காற்று தங்கிவிட்டால் எஞ்சின் சூடேறும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை மாற்றுவதென்றால் ஒரு சனிக்கிழமை போச்சு. ஆனாலும் காய்ந்த சாலையில் காலை நிதானமாக வைத்து ஓட்டினால், ஸ்டீயரிங் அத்தனை லேசாக, சொன்ன பக்கம் திரும்பும் வண்டி அது. விற்க மனம் வராததற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கார்களை வாங்குவது முதலீடு என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். முப்பது வருஷத்துக் காரில் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார். எம்எக்ஸ்-5-ல் சீட்டுக்குப் பின்னால், மடக்குக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிச் சட்டத்துக்குள் இறங்கி, பின்சக்கரத்தை ஒட்டி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும். என் வண்டியை எனக்கு முந்தி வைத்திருந்த புண்ணியவான் அந்த இடத்தில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துத்தான் விற்றிருந்தார். காந்தம் மற்ற இடத்தில் ஒட்டியது, அங்கே பெயின்டுக்குக் கீழே தகடு இல்லை, வெறும் பட்டி, அதனால் வழுக்கி விழுந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தபோது குறைத்த பணம் அதற்கே சரியாய்ப் போனது. இந்த ஊரில் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருஷா வருஷம் பார்க்கும் எம்ஓடி சோதனையில் இந்த வயது எம்எக்ஸ்-5-கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் நரம்பை விட்டுக் குடைந்தாலே ஓட்டை சுத்தமாகிவிடும், காசு செலவில்லை.

உதிரி பாகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. மஸ்டா 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐப் புதுப்பிக்கும் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்களைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. எம்ஆர்2-வுக்கு ஒரு சின்ன ரப்பர் பட்டை வேண்டுமென்றாலும் பழைய வண்டிகளை உடைத்து விற்பவர்களைத்தான் நான் தேடிப் போகிறேன்.

இன்னொன்று. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க மாசுக் கட்டணம். புகை விதியில் தேறாத பழைய பெட்ரோல் கார் உள்ளே நுழைந்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. நாற்பது வயது தாண்டினால் விலக்கு. தொண்ணூறுகளின் கார்கள் பெரும்பாலும் விதியிலும் தேறாமல், விலக்கும் கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டன. நான் இருக்கும் ஸ்லவ் எல்லைக்கு வெளியே, அதனால் தப்பித்தேன். ஈஸ்ட் ஹாமுக்கு மளிகை வாங்கப் போவதென்றால் மனைவியின் ஹைபிரிட்தான்.

என்எஸ்எக்ஸ் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஓட்டியதில்லை. ஆனால் உங்கள் அட்டவணையில் 1990 எம்எக்ஸ்-5-க்கு 1.8 லிட்டர் என்று இருக்கிறது. அது 1993-ல்தான் வந்தது. அந்த ஒரு வரியையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்லவ், இங்கிலாந்து