செட்டில் இருந்தும் கிடைக்காத நாகர்கோவில்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணன் மகள் நம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஊர்ப் பெயர்களை சி பிளஸ் பிளஸ் என்ற புரோகிராம் மொழியில் ஒரு செட்டில், அதாவது ஒரே பெயர் இரண்டு தடவை வராத தொகுப்பில் போட்டு, பெயரைத் தட்டினால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் புரோகிராம். தக்கலை கிடைக்கிறது, குளச்சல், மார்த்தாண்டம் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் நாகர்கோவில், தோவாளை, கொட்டாரம் மூன்றும் இல்லை என்கிறது. செட்டை முழுசாகத் திரையில் காட்டச் சொன்னால் மூன்று ஊரும் கண்ணெதிரே நிற்கின்றன! லேபில் கேட்டதற்கு, "இங்கிலீஷில் போட்டால் வருகிறதே, அப்படியே ரெக்கார்டு எழுதிவிடு" என்று அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

அவள் எழுதிய புரோகிராமைப் பார்த்தேன். பெயரைத் தேட அவள் எல்லா வகைத் தொகுப்புக்கும் பொதுவான ஃபைண்ட் என்ற கட்டளையைக் கூப்பிட்டிருந்தாள். அது முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும், வடசேரி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. செட் அப்படிக் கிடப்பதில்லை. உள்ளே எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு மரமாக இருக்கிறது, பெரும்பாலான கம்பைலர்களில் (புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஓட்டும்படி மாற்றித் தரும் மென்பொருள்) அது சிவப்பு-கருப்பு மரம், ஒரு பக்கம் மட்டும் நீண்டுவிடாமல் தன்னைச் சமப்படுத்திக்கொள்ளும் வகை. செட்டுக்கே சொந்தமான ஃபைண்டைக் கூப்பிட்டால் ஒவ்வொரு கிளையிலும் இடமா வலமா என்று முடிவு செய்து இறங்கும். 10 லட்சம் பெயர் இருந்தாலும் மரத்தின் உயரம் 40 படியைத் தாண்டாது. இல்லாத பெயரைத் தேடினால் பொதுவான ஃபைண்ட் 10 லட்சத்தையும் பார்த்துவிட்டுத்தான் கையை விரிக்கும். முப்பது ஊருக்கு இரண்டும் ஒரே வேகமாகத் தெரியும், விடையும் ஒன்றுதான், அதனால் லேபில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அப்புறம் இன்னொன்று, கிடைக்காவிட்டால் ஃபைண்ட் செட்டின் முடிவைக் காட்டும், அதைச் சரிபார்க்காமல் அங்கிருந்து பெயரை எடுக்கப் போனால் புரோகிராம் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, மாற்றிவிட்டோம். அப்போதும் நாகர்கோவில் கிடைக்கவில்லை.

விடுபட்ட ஊர்களைத் திரும்பப் படித்தபோதுதான் பிடிபட்டது: கோ, தோ, கொ. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், இல்லையென்றால் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் முதல் வகை நாகர்கோவில் 33 பைட், இரண்டாவது 36. அவள் ஒட்டிய பட்டியல் ஏதோ பழைய ஃபைலில் இருந்தது, அதில் இரண்டாவது வகை. அவள் கீபோர்டு தட்டியது முதல் வகை. செட் ஒப்பிடுவது பைட்டுகளை. இது அதைவிடச் சிறியதா, அது இதைவிடச் சிறியதா, இரண்டுமே இல்லையென்றால்தான் அவை அதற்கு ஒரே பெயர். எழுத்தின் உருவம் அதற்குத் தெரியாது. செட்டில் போடுவதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான வசதி சி பிளஸ் பிளஸ்ஸோடு கூடவே வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் (தயார் கட்டளைகளின் தொகுப்பில்) கிடையாது, ஐசியு என்ற தனி லைப்ரரியில் இருக்கிறது. அதைச் சேர்த்ததும் மூன்று ஊரும் வந்துவிட்டன. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தமிழில் தட்டினால் வரவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், தமிழை விட்டுவிடு என்பதா பதில்? இந்த விஷயம் தமிழில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். உங்கள் மாணவர் பக்கத்தில் எந்தப் படிப்புக்கு எங்கே வேலை என்பதோடு இதற்கும் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள் ஐயா. முதல் வாரத்துக்கு இந்த ஊர்ப் பட்டியலையும் புரோகிராமையும் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை